தேர்வும் தெரிவும்

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவனுக்குச் சில சமயம் ஒரே ஒரு சொல் ஒரு பகல் முழுவதையும் விழுங்கிவிடும். கணிப்பொறிகளின் வரலாறு பற்றிய கட்டுரை ஒன்றை அண்மையில் தமிழாக்கிக் கொண்டிருந்தபோது எனக்கு அத்தகைய அனுபவம் நேர்ந்தது. 2001-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் இரண்டு சதுரங்க நிரல்கள் ஒன்றோடொன்று மோதின. வெல்லும் நிரல் உலக வாகையருடன் ஆடும் உரிமையைப் பெறும் என்பது ஏற்பாடு. அப்போட்டியின் பெயரைத் 'தகுதித் தேர்வு' என்று முதலில் எழுதினேன். ஆனால் அதன் விவரங்களைப் படிக்கப் படிக்க, 'தேர்வு' என்னும் சொல் அவ்விடத்தில் பொருந்தவில்லை என்று தோன்றியது.

தமிழில் 'தேர்வு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மாணவன் எழுதுவதும் தேர்வு. பலருள் ஒருவரைப் பொறுக்கி எடுப்பதும் தேர்வு. முன்னதில் விதி எல்லோருக்கும் பொதுவானது. முடிவு எழுதுபவனின் திறமையைப் பொறுத்தது. பின்னதில் பொறுக்குபவரின் விருப்பமே விதியாக அமைதல் கூடும். குழப்பம் நேராதிருக்கும் பொருட்டு, இக்கட்டுரையில் முன்னதைத் தேர்வு என்றும் பின்னதைத் தெரிவு என்றும் வழங்குவேன். மனிதனுக்கும் கணிப்பொறிக்கும் நடந்த புகழ் பெற்ற சதுரங்கப் போட்டிகளில் பெரும்பாலானவை தெரிவின் விளைவுகளே. ஆயினும் அவை தேர்வின் விளைவுகளாகவே உலகுக்கு அறிவிக்கப்பட்டன. இதனால் விஞ்ஞானத்திற்கு நேர்ந்த இழப்பு ஈடு செய்ய இயலாதது என்பதே நான் கூற விரும்புவது.

யாவரும் அறிந்த போட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அன்றைய வாகையர் காரி காஸ்பரோவும், ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய டீப் புளூ கணிப்பொறியும் ஆறு ஆட்டங்கள் ஆடினர். முதல் ஆட்டத்தில் தோற்ற காஸ்பரோவ், முடிவில் 4-2 என்ற கணக்கில் வென்றார். 1997-ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க்கில் நடந்த மறு போட்டியில், விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயவல்லதாக வளர்ந்திருந்த டீப் புளூ 3.5-2.5 என்ற கணக்கில் வெற்றி பெற்றது. வென்றவருக்கு 7 லட்சம் டாலரும் தோற்றவருக்கு 4 லட்சம் டாலரும் பரிசு. இயந்திரம் மனிதனை வென்றுவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின.

இப்போட்டியில் ஒரு தரப்பு ஆட்டக்காரரும், பரிசுத் தொகையை அளித்தவரும், போட்டிக்கு ஏற்பாடு செய்தவரும் ஒரே நிறுவனம் என்பதை நாம் கருத வேண்டும். டீப் புளூவின் முந்தைய ஆட்டங்களைக் காண காஸ்பரோவுக்கு வாய்ப்பில்லை. அவர் ஆடிய ஆட்டங்களோ உலகறிந்தவை. ஆட்டங்களுக்கு இடையே நிரலைத் திருத்தவும் அனுமதி இருந்தது. இரண்டாம் ஆட்டத்தில் கணிப்பொறி ஆடிய சில நகர்த்தல்கள் மனிதனுடையவை போலத் தோன்றுவதாகக் காஸ்பரோவ் ஐயுற்று, அது சிந்தித்த வகையைக் காட்டும் பதிவுகளைக் கேட்டார். அவை உடனே கிடைக்கவில்லை. பின்னரே நிறுவனம் அவற்றை வெளியிட்டது. மீண்டும் ஒரு போட்டி வேண்டுமென்ற அவருடைய கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. டீப் புளூ அதன் பிறகு எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை.

நிறுவனம் ஏமாற்றியது என்று நான் கூறவில்லை; அதற்குச் சான்றில்லை. போட்டியின் விதிகளைக் காஸ்பரோவ் முன்னரே ஒப்புக்கொண்டிருந்தார் என்பதும், தோற்ற பின்னும் பெருந்தொகை பெற்றார் என்பதும் உண்மையே. அக்கணிப்பொறியை அமைத்த பொறியியலாளர்களின் சாதனை பெரியது என்பதிலும் ஐயமில்லை. நான் சுட்டுவது வேறொன்று. ஆறே ஆட்டங்கள் கொண்ட ஒரு சோதனையை நடத்தி, தனக்குச் சாதகமான முடிவு வந்தவுடன் கருவியை மூடி வைத்துவிடுவது விஞ்ஞான முறை ஆகாது. ஒரு வியாபார நிறுவனத்தின் நோக்கில் அது முற்றிலும் சரியான முடிவே. வென்ற குதிரையை மீண்டும் பந்தயத்தில் ஓட விடுவதால் அதற்கு வரக்கூடிய லாபம் சிறிது, நட்டம் பெரிது. விஞ்ஞானத்தின் தேவையும் வியாபாரத்தின் தேவையும் பிரியும் இடம் இதுவே.

மற்றொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. 1995-ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் நடந்த கணிப்பொறிச் சதுரங்க உலகப் போட்டியில், டீப் புளூவின் முன்மாதிரி ஃபிரிட்ஸ் என்னும் நிரலிடம் தோற்றது. ஃபிரிட்ஸ் சாதாரண மேசைக் கணிப்பொறியில் இயங்கியது. அவ்வாண்டின் வாகையர் பட்டமும் அதற்கே கிடைத்தது. எனவே, காஸ்பரோவின் எதிரில் அமர்ந்தது கணிப்பொறிகளுள் வாகை சூடிய கணிப்பொறி அன்று. இரண்டாண்டுகளில் அது பன்மடங்கு வலிமை பெற்றிருக்கலாம்; பெற்றும் இருந்தது. ஆனால் பிற நிரல்களோடு மோதி அந்த இடத்தை அது அடையவில்லை. அதை அங்கே அமர்த்தியது பணவலிமையே.

1997-ஆம் ஆண்டின் குறைகளைக் களையும் நோக்குடன் அடுத்த பெரிய போட்டி திட்டமிடப்பட்டது. பிரெயின் கேம்ஸ் நெட்வொர்க் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் முயற்சி அது. 2001-இல் நடக்கவிருந்து, 2002-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பஹ்ரைன் நாட்டில் நடந்தேறியது. மனிதத் தரப்பில் விளாடிமிர் கிராம்னிக் ஆடினார். எதிர்த்து ஆடவிருந்த நிரலின் படி ஒன்று அவருக்கு முன்கூட்டியே அளிக்கப்பட்டது. அதை வைத்து அவர் பயிற்சி செய்து கொள்ளலாம். எட்டு ஆட்டங்கள் நடந்து 4-4 என்று சமமாக முடிந்தன. ஆட்ட விதிகளைப் பொறுத்தவரை இது முன்னேற்றமே.

ஆட்டக்காரரை அமர்த்திய வகையில் முன்னேற்றம் இருந்ததா? என் மொழிபெயர்ப்பைத் தடுத்து நிறுத்திய இடம் இதுதான். கிராம்னிக்கை எதிர்க்கும் நிரலைத் தீர்மானிக்க, 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஸ்பெயினின் கடாகேஸ் ஊரில் போட்டி வைத்தனர். பல செயலிகளைக் கொண்ட கணிப்பொறியில் இயங்கும் நிரல்களே கருதப்பட்டன. டீப் ஃபிரிட்ஸ், டீப் ஜூனியர், டீப் ஷ்ரெடர் ஆகிய மூன்றுக்கு மட்டும் அழைப்புச் சென்றது. 1999-இலும் 2000-இலும் கணிப்பொறிச் சதுரங்க உலகப் பட்டங்களை வென்றிருந்த ஷ்ரெடர் இதில் கலந்துகொள்ளவில்லை. எஞ்சிய இரண்டும் 24 ஆட்டங்கள் ஆடின. முதல் ஐந்து ஆட்டங்களையும் ஜூனியர் வென்றது. ஃபிரிட்ஸ் மெல்ல மெல்ல மீண்டு 12-12 என்று சமன் செய்தது. கூடுதல் ஆட்டங்களில் வென்று உரிமையைப் பெற்றது.

பட்டம் வென்ற நிரல் இல்லாத போட்டி அது. அத்துடன், ஆடிய இரண்டு நிரல்களையும் சந்தையில் விற்று வந்தது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள செஸ்பேஸ் என்னும் ஒரே நிறுவனம். எது வென்றாலும் 'உலக வாகையரை எதிர்த்து ஆடியது' என்ற பெருமை ஒரே கடையின் சரக்குக்குத்தான் சேரும். இதில் சூது இருந்தது என்பதல்ல என் வாதம். திறந்த போட்டியில் இந்த இரண்டு நிரல்களே இறுதிக்கு வந்திருந்தால், இரண்டும் ஒரே கடையில் விற்கப்படுவதை எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். கதவு மூடியிருந்ததால்தான் அது கேள்வியாயிற்று. ஆடுவதற்கு மறுக்கப்பட்டவனிடம் 'நீ தோற்றிருப்பாய்' என்று கூறுவதில் பொருளில்லை; அதை ஆட்டத்தின் மூலமே அவனுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

இயந்திரத் தரப்பை மட்டும் குறை கூறுவது நடுநிலை ஆகாது. மனிதத் தரப்பிலும் அதே கதைதான். 1998-ஆம் ஆண்டில் ஸ்பெயினின் கசோர்லா நகரில் அலெக்சி ஷிரோவ், கிராம்னிக்கைத் தோற்கடித்து, காஸ்பரோவை எதிர்க்கும் உரிமையைப் பெற்றார். அப்போட்டிக்குப் பணம் போடுவார் கிடைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் காஸ்பரோவின் எதிரே லண்டனில் அமர்த்தப்பட்டவர் ஷிரோவிடம் தோற்ற கிராம்னிக். ஏற்பாடு செய்தது அதே பிரெயின் கேம்ஸ். கிராம்னிக் திறமையாக ஆடி 8.5-6.5 என்று வென்றார். ஆனால் வென்று பெற்ற உரிமை ஷிரோவுக்குப் பயன்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், நூறு பேர் கலந்துகொண்ட உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டியில் வரிசையாக வென்று, இறுதியில் டெஹ்ரானில் ஷிரோவையும் வீழ்த்தி, நம் நாட்டின் விசுவநாதன் ஆனந்த் வாகையரானார். ஆகவே 2001-இல் உலக வாகையர் என்று இருவர் இருந்தனர். பஹ்ரைன் போட்டி மனித குலத்தின் வாகையருக்கும் இயந்திர குலத்தின் வாகையருக்கும் நடந்ததாக விளம்பரம் செய்யப்பட்டபோது, இரண்டு பக்கத்திலும் அந்தப் பட்டம் சர்ச்சைக்கு உரியதாகவே இருந்தது.

ஆட்டக்காரரைப் போலவே ஆட்ட நிபந்தனையும் முடிவை ஆக்கவல்லது என்பதற்கு ஆனந்த் ஆடிய ஆட்டமே சான்று. 1998-ஆம் ஆண்டில் இத்தாலியின் இஸ்கியா தீவில் அவர் ரெபெல் என்னும் நிரலுடன் எட்டு ஆட்டங்கள் ஆடினார். மொத்தக் கணக்கில் ரெபெல் 5-3 என்று வென்றது. சில நிமிடங்களில் முடியும் நான்கு மின்னல் ஆட்டங்களில் நிரல் 3-1 என்றும், சற்று நீண்ட இரண்டு ஆட்டங்களில் 1.5-0.5 என்றும் வென்றது. முழு நேர ஆட்டங்கள் இரண்டில் ஆனந்த் 1.5-0.5 என்று வென்றார். எட்டும் முழு நேர ஆட்டங்களாக இருந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும்? கூற இயலாது. ஆனால் '5-3' என்ற எண் மட்டும் விளம்பரத்தில் ஏறும்போது, அந்த எண்ணைப் பிறப்பித்த நிபந்தனை மறைந்துவிடுகிறது என்பது தெளிவு. நிபந்தனை கூறாத முடிவு, அலகு கூறாத அளவைப் போன்றது. மாணவன் 'நீளம் ஐந்து' என்று மட்டும் எழுதினால், ஐந்து என்ன என்று கேட்டு நாம் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம் அல்லவா?

பிந்தைய போட்டிகளில் சில ஒழுங்காக அமைந்தன என்பதையும் கூற வேண்டும். 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காஸ்பரோவுடன் ஆடிய டீப் ஜூனியர், அதற்கு முந்தைய ஆண்டு கணிப்பொறிகளின் உலகப் பட்டத்தை வென்ற நிரல். போட்டியும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் ஆதரவில் நடந்தது. 3-3 என்று சமமாக முடிந்தது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக் மீண்டும் டீப் ஃபிரிட்ஸுடன் ஆடி, 2-4 என்று தோற்றார். இம்முறை அவருடைய பட்டத்தில் ஐயமில்லை. பிளவுபட்டிருந்த பட்டங்களை அதே ஆண்டில் ஆட்டத்தின் மூலம் ஒன்றாக்கியவர் அவர். ஆனால் அவ்வாண்டுக் கணிப்பொறிப் பட்டம் ஜூனியரிடம் இருந்தது. தரவரிசைப் பட்டியல்களில் ரைப்கா என்னும் புதிய நிரல் முன்னணியில் நின்றது. எதிரில் அமர்ந்ததோ ஃபிரிட்ஸ்.

பான் நகரப் போட்டியோடு அந்தக் காலம் முடிந்தது. இன்று சாதாரணக் கைப்பேசியில் இயங்கும் நிரலும் உலக வாகையரை வெல்லவல்லது. மனிதனும் இயந்திரமும் ஏறத்தாழச் சம வலிமையுடன் நின்றது வரலாற்றில் ஒரே ஒரு பத்தாண்டு, 1996 முதல் 2006 வரை. அந்தச் சோதனையை இனி எவராலும் திரும்ப நடத்த இயலாது. எந்த ஆண்டில், எந்த நிபந்தனையில், எவ்வளவு வேறுபாட்டில் இயந்திரம் மனிதனைக் கடந்தது என்ற கேள்விக்கு நம்மிடம் சில குறுகிய போட்டிகளின் முடிவுகளும் நிறைய விளம்பரங்களும் உள்ளனவே அன்றி, ஒழுங்கான சோதனைத் தொடர் ஒன்று இல்லை. ஈடு செய்ய இயலாத இழப்பு என்று தொடக்கத்தில் கூறியது இதனையே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவானது. வியாபார நிறுவனங்கள் பணம் போடவில்லையானால் இப்போட்டிகள் நடந்தேயிரா. பல்கலைக்கழகங்களுக்கு அத்தகைய நிதி கிடையாது. பெரிய ஆட்டக்காரர்கள் ஊதியமின்றி ஆட மாட்டார்கள். தன் பணத்தைச் செலவிடுபவன் தனக்கு விருப்பமானவரை அழைப்பதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். குற்றம் ஒன்றுமில்லை. தன் வீட்டுக் கொலுவுக்கு யாரை அழைப்பது என்பது அவரவர் உரிமை. ஆனால் அதற்கு 'உலகப் போட்டி' என்று பெயரிடும்போது, அந்தப் பெயர் அவருடைய பணத்தால் வாங்கப்பட்டதன்று. பொதுமக்களின் நம்பிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிறவர் பொது விதிக்கு உட்பட வேண்டும். பணம் தருபவர் பணம் தரட்டும். விற்பவர் போட்டியில் ஆடட்டும். யார் ஆடுவது, எந்த விதியில் ஆடுவது என்பவற்றை மட்டும், முடிவில் லாபம் காணாத மூன்றாமவர் முன்கூட்டியே அறிவிக்கட்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை அன்று. நிரல்களுக்கென்றே 2010-ஆம் ஆண்டு முதல் டி.சி.இ.சி. என்ற தொடர்போட்டி இணையத்தில் நடத்தப்பட்டு வருகிறது. நிரல்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டு, கீழ் வகுப்பில் வென்றவை மேல் வகுப்புக்கு ஏறுகின்றன. ஒரே தொடக்க நிலையை இரு நிரல்களும் வெள்ளையாக ஒரு முறை, கறுப்பாக ஒரு முறை ஆடுகின்றன. ஒவ்வொரு நகர்த்தலின்போதும் நிரல் கணித்ததை எவரும் நேரில் காணலாம். 1997-இல் காஸ்பரோவ் கேட்டும் உடனே கிடைக்காத பதிவு இங்கே பார்வையாளர் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது.

இதனோடு 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த ஓர் அறிவிப்பை ஒப்பிடலாம். கூகிளைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனம், தன்னுடன் தானே ஆடிக் கற்ற ஆல்பாசீரோ என்னும் நிரல், ஸ்டாக்ஃபிஷ் நிரலுடன் 100 ஆட்டங்கள் ஆடி 28 வெற்றி, 72 சமன், தோல்வி இல்லை என்று வெளியிட்டது. ஆட்டங்கள் அந்நிறுவனத்திற்குள்ளேயே நடந்தவை. நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று கட்டாயமாக வகுத்ததும், ஸ்டாக்ஃபிஷுக்கு ஒதுக்கிய நினைவகம் குறைவாக இருந்ததும் அதனைப் பாதித்தன என்று அறிந்தோர் குறை கூறினர். ஓராண்டு கழித்து வந்த விரிவான ஆய்வுக் கட்டுரையில் நிபந்தனைகள் திருத்தப்பட்டிருந்தன: 1,000 ஆட்டங்களில் ஆல்பாசீரோ 155 வென்றது, 6 தோற்றது, ஏனையவை சமன். வெற்றி உண்மையே என்பது தெரிந்தது. ஆனால் 'தோல்வியே இல்லை' என்ற முதல் அறிவிப்புத்தான் உலகைச் சுற்றி வந்தது. திருத்தப்பட்ட கணக்கை நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

சதுரங்கத்தைப் பற்றிக் களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்வளவு கூறுவதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். 'இயந்திரம் நிபுணரை வென்றது' என்ற வாக்கியம் இன்று சதுரங்கப் பலகையை விட்டு வெளியே வந்துவிட்டது. இலையைப் படம் பிடித்து நோயைக் கூறும் கருவி, எக்ஸ்-கதிர்ப் படத்தைப் படிக்கும் கருவி, விடைத்தாளைத் திருத்தும் கருவி என்று வரிசையாக வருகின்றன. சென்ற ஆண்டு இத்தகைய கருவி ஒன்றைப் பற்றிய அறிவிப்பு என் மேசைக்கு மொழிபெயர்ப்புக்காக வந்தது. அது நிபுணர்களை விஞ்சியது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. எந்த நிபுணர்கள், எத்தனை பேர், அவர்களைப் பொறுக்கியவர் யார் என்ற செய்தி அறிவிப்பின் எந்தப் பக்கத்திலும் இல்லை. உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பது என் கடமை, மொழிபெயர்த்தேன். ஆனால் அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதியவன் என்ற முறையில் எனக்கும் அதில் பங்குண்டு என்ற உறுத்தல் இன்னும் நீங்கவில்லை.

அக்கருவிகளை வயலிலும் வகுப்பிலும் கையாளப் போகிறவர்கள் இவ்விதழின் வாசகர்களே. அவற்றுள் நல்லவை பல இருக்கும். வெறுப்போடு ஒதுக்குவது தவறு. வெற்றிச் செய்தி வரும்போது நான்கு கேள்விகள் கேட்டால் போதும். போட்டியிட்டவரைத் தேர்ந்தவர் யார்? விதியை வகுத்தவர் யார், எப்போது? முடிவால் லாபம் அடைபவர் யார்? மறுமுறை சோதிக்க விடுவார்களா? நான்குக்கும் விடை ஒரே பெயராக இருக்குமானால், நடந்தது தேர்வு அன்று, தெரிவு என்று கொள்க.

தன் வினாத்தாளைத் தானே எழுதி, தன் விடையைத் தானே திருத்தி, முதல் மதிப்பெண்ணோடு வரும் மாணவனை எந்தப் பள்ளியும் மேல் வகுப்புக்கு அனுப்புவதில்லை. அவன் அறிவாளியாகவே இருக்கலாம். ஆயினும் மற்றவர்களோடு அமர்ந்து மீண்டும் எழுதுமாறு ஆசிரியர் கூறுவார். வகுப்பறையில் நாம் நாள்தோறும் கடைப்பிடிக்கும் இந்த எளிய விதியை இயந்திரங்களுக்கும் அவற்றை விற்பவர்களுக்கும் விலக்கு இன்றிப் பொருத்த வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. ஸ்பெயின் நாட்டுப் போட்டியை என் மொழிபெயர்ப்பில் இறுதியில் 'தெரிவுப் போட்டி' என்றே எழுதினேன்.